உங்களுக்குத் தெரியுமா? வைஃபையின் பின்வாசல்

பல வைஃபை ரூட்டர்களின் அடியில் உள்ள ஸ்டிக்கரில், பாஸ்வேர்டு தவிர எட்டு இலக்கப் பின் எண் ஒன்றும் அச்சாகியிருக்கும். பாஸ்வேர்டை டைப் செய்யாமலே கருவிகளை இணைக்க உதவும் ‘டபிள்யூபிஎஸ்’ வசதிக்கான எண் அது.

எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள். யாராலும் ஊகிக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் ரூட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. முதல் பாதி தவறென்றால் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். எனவே அதற்கு 10,000 வாய்ப்புகள்தான். கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே இரண்டாம் பாதிக்கு 1,000 மட்டுமே. அதிகபட்சம் 11,000 முயற்சிகள்! ஸ்டெஃபான் ஃபீபொக் என்ற ஆய்வாளர் 2011 டிசம்பரில் இதை வெளிப்படுத்தினார். பின் எண் சிக்கிவிட்டால், 63 எழுத்துப் பாஸ்வேர்டாக இருந்தாலும் ரூட்டரே அதை ஒப்படைத்துவிடும்.

புதிய ரூட்டர்கள் பலவும் சில தவறான முயற்சிகளுக்குப் பின் பூட்டிக்கொள்கின்றன. ஆனாலும் செட்டிங்ஸில் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுவதே நல்லது. பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3 அல்லது ஏஇஎஸ் கொண்ட டபிள்யூபிஏ2 இருக்கட்டும். பழைய ‘டபிள்யூஇபி’யைத் தொடவே வேண்டாம்: ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-லேயே அதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டிவிட்டார்கள்.