பழைய சர்வரிடமிருந்து புதிய சர்வருக்கு

சர்வர் என்ற சொல் நம்மவர்க்குப் புதியதன்று. இலை போட்டுச் சாம்பார் ஊற்றும் ஓட்டல் பணியாளரை நெடுங்காலமாக அப்பெயராலேயே அழைத்து வந்திருக்கிறோம். 1964ஆம் ஆண்டில் ‘சர்வர் சுந்தரம்’ என்னும் திரைப்படம் வெளிவந்தபோது அப்பெயரின் பொருளை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அலுவலகத்தின் ஒரு மூலையில் இரவும் பகலும் உறங்காது நிற்கும் கணினிக்கும் அதே பெயர் வழங்குகிறது. பெயர்ப் பொருத்தத்தில் பிழையில்லை. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொணர்ந்து தருவதே இருவர்க்கும் தொழில்.

டில்லியிலோ புனேயிலோ பன்னிரண்டு பேர் பணிபுரியும் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஒரே சர்வர் பல உத்தியோகங்களை ஒருங்கே பார்க்கிறது. காலையில் ஒருவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டவுடன், அவர் இன்னார்தாம் என்று சரிபார்த்து உள்ளே விடுகிறது. ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண்ணை வழங்குகிறது, இவ்வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். வேலையும் அதனுடையதே. இவை போதாவென்று கோப்புகளைக் காப்பதும், அச்சுப்பொறிக்கு வரிசைப்படுத்தி அனுப்புவதும் உண்டு.

இத்தகைய கணினி ஒருநாள் மூப்படைகிறது. பொறி நன்றாக ஓடினாலும் அதிலுள்ள மென்பொருள் மூப்படைந்துவிடலாம். இன்றும் பல சிற்றலுவலகங்களில் காணப்படும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆகவே புதிய கணினி வாங்கப்படுகிறது. கோப்புகளை நகலெடுத்துவிட்டால் இடமாற்றம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். திங்கட்கிழமை காலையில் ஒருவராலும் உள்ளே நுழைய முடிவதில்லை. அது மாதத்தின் 20ஆம் தேதியை ஒட்டிய வாரமாயின், ஜி.எஸ்.டி. படிவம் அனுப்பவேண்டிய வாடிக்கையாளர்கள் தாமதக் கட்டணம் செலுத்த நேரிடும்.

வெளிமாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மில் பலருக்கு மாற்றல் உத்தரவு பழகிய செய்தி. புதியவர் வந்து சேர்வார். பழையவர் சில நாள் உடனிருந்து சாவிக்கொத்தையும் பதிவேடுகளையும் ஒப்படைப்பார். அதன் பின்னரே அவர் விடுவிக்கப்படுவார். சர்வர்களுக்கும் இம்முறையே ஏற்றது. பழையது உயிரோடிருக்கும்போதே புதியதைப் பக்கத்தில் அமர்த்திவிட வேண்டும்.

நுழைவோரைச் சரிபார்க்கும் பதிவேட்டுக்கு ஆக்டிவ் டைரக்டரி என்றும், அதை வைத்திருக்கும் கணினிக்கு டொமைன் கண்ட்ரோலர் என்றும் பெயர். புதிய கணினிக்கு வேறு பெயரும் வேறு எண்ணும் கொடுத்து, அதனை இரண்டாவது கண்ட்ரோலராகச் சேர்த்தால், பதிவேடு தானாகவே அதனிடம் படியெடுக்கப்படும். இங்கே வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை: 2012 ஆர்2 கண்ட்ரோலர் இருக்கும் இடத்தில் 2025 பதிப்பை நேரே கண்ட்ரோலராகச் சேர்க்க இயலாது. இடையில் 2022 போன்ற ஒரு பதிப்பு பொறுப்பேற்று, பழையது விலகி, டொமைனின் செயல்நிலையை 2016க்கு உயர்த்திய பின்னரே அது நுழையும். விற்பவர் இதைச் சொல்வதில்லை!

படியெடுத்தபின் இரு கணினிகளும் நுழைவோரைச் சரிபார்க்கும். ஆயினும் ஐந்து பொறுப்புகள் மட்டும் ஒரே நேரத்தில் ஒருவரிடமே இருக்கலாம். அவற்றுள் இரண்டைப் பற்றிச் சொன்னால் போதும்.

ஒன்று, கடிகாரப் பொறுப்பு. மற்றக் கணினிகளெல்லாம் இப்பொறுப்பை ஏற்றுள்ள கண்ட்ரோலரின் மணியையே இறுதியில் பின்பற்றுகின்றன. மணி ஐந்து நிமிடத்துக்குமேல் வேறுபட்டால் உள்ளே நுழைய அனுமதி மறுக்கப்படும் என்பது இயல்பான அமைப்பு. எனவே பொறுப்பை மாற்றியவுடன் புதிய கணினிக்கு நம்பகமான வெளிக்கடிகாரம் ஒன்றைக் காட்டித் தரவேண்டும்.

மற்றொன்று, வரிசை எண் வழங்கும் பொறுப்பு. புதிதாகச் சேரும் ஒவ்வொருவர்க்கும் ஓர் அடையாள எண் வேண்டும். அவ்வெண்களை 500, 500ஆகக் கட்டுக்கட்டி ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் பகிர்ந்தளிப்பது இப்பொறுப்பாளரின் வேலை. பழையவர் கையாலே ஒப்படைத்தால் இதில் குழப்பமே இல்லை. பழைய கணினி திடீரென்று மாண்டுபோனால், புதியது அப்பொறுப்பைத் தானே பறித்துக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் அதன்பின் யாரேனும் பழையதைப் பழுதுபார்த்து வலைப்பின்னலில் மீண்டும் இணைத்தால், இருவரும் ஒரே எண்கட்டை வழங்கக்கூடும். இரண்டு பேருக்கு ஒரே அடையாளம் வாய்த்துவிடும். ஆதலால் பொறுப்பு பறிக்கப்பட்ட சர்வரை, அதன் வட்டை அழித்துப் புதிதாக நிறுவாமல், ஒருபோதும் திரும்பச் சேர்க்கலாகாது. கணினி ஓடும்போதே பொறுப்பை மாற்றுங்கள் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

டி.எச்.சி.பி. வேலையில் வேறொரு நுணுக்கம் உண்டு. முகவரி எண் தானமாகத் தரப்படுவதன்று, குத்தகைக்கு விடப்படுவது. விண்டோஸ் சர்வரில் குத்தகைக்காலம் வழக்கமாக 8 நாள். பாதிக்காலம் கழிந்ததும், அதாவது நான்காம் நாளில், கணினி அதைப் புதுப்பிக்கக் கேட்கும். எனவே ஒரு வாரம் முன்னதாகவே குத்தகைக்காலத்தைச் சில மணி நேரமாகக் குறைத்துவிடுவது நலம். பின்னர்க் குத்தகைப் பதிவுகளைப் புதிய கணினிக்கு எடுத்துச் சென்று, பழையதை நிறுத்திவிட்டே புதியதைத் தொடங்கவேண்டும். ஒன்றையொன்று அறியாமல் இரண்டும் ஒரே எண்களை வழங்கினால், இரண்டு மேசைகளுக்கு ஒரே முகவரி போய்ச்சேரும். டி.என்.எஸ்.ஸுக்கு யாரைக் கேட்பது என்பதையும் டி.எச்.சி.பி.யே சொல்வதால், அவ்விடத்தில் புதிய எண்ணை எழுத மறக்கலாகாது.

கோப்புகளின் செய்தி எளிது. வேலை நடக்கும் நாட்களிலேயே ஒருமுறை முழுவதும் நகலெடுத்து, சனிக்கிழமை இரவு மாறியவற்றை மட்டும் மீண்டும் எடுத்தால் போதும். யார் எதைப் பார்க்கலாம் என்னும் உரிமைகளும் உடன்வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னே ஒரு முழுக்காப்பு நகல் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

எஞ்சுபவை பிடிவாதக்காரர்கள்: அச்சுப்பொறி, வருகைப்பதிவுக் கருவி, யாரோ என்றோ எண்ணைக் கையால் எழுதி வைத்த கணக்கு மென்பொருள். இவை டி.எச்.சி.பி.யின் பேச்சைக் கேளா. பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி, அவசரமற்ற ஒரு வாரத்தில் இரண்டு நாள் பழைய சர்வரை நிறுத்திவைத்து, எவர் முறையிடுகிறார் என்று பார்ப்பதே. ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடக் கூடாது. வழக்கமான அமைப்பில் 180 நாள் விலகியிருந்த கண்ட்ரோலர் திரும்பிவரத் தகுதியற்றதாகிவிடும்.

முறையீடுகள் தீர்ந்ததும் பழையதை மீண்டும் இயக்கி, கண்ட்ரோலர் பதவியிலிருந்து முறைப்படி விலக்கவேண்டும். அது விலகியபின் அதன் பழைய எண்ணைப் புதியதற்கே சூட்டிவிடுவதும் உண்டு. பன்னிரண்டு பேர் அலுவலகத்துக்கு அதுவே சுலபம் என்பது என் கருத்து. பிடிவாதக்காரர்களை ஒவ்வொருவராகத் திருத்தும் வேலை மிச்சமாகும். பழைய கணினியை உடனே கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர்களின் கணக்குகளெல்லாம் அதன் வட்டில் இன்னும் இருக்கின்றன. அவற்றை அடியோடு அழித்தபின் போடலாம்.