கொத்தவரை விதையும் பிளாட்டினமும்

“தாதுவைப் பிரிக்க சயனைடை விட்டால் வேறு வழியே இல்லையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. அதில் ஒன்றை நாம் பொரியல் செய்து சாப்பிடுகிறோம்.

அரைத்த தாதுவை நீரில் கலக்கி, காற்றுக் குமிழியில் ஒட்டியதை நுரையோடு வழித்தெடுக்கும் முறை பலரும் அறிந்ததுதான். வேண்டாததும் கூடவே ஏறி வருவதுதான் தொல்லை. அதைக் கீழேயே இருத்திவைக்கும் சரக்குக்கு டிப்ரசன்ட் என்று பெயர். ஈயத் தாது மிதக்கும்போது துத்தநாகத் தாதுவை அடக்க சயனைடு உதவும் என்று 1922-ல் ஷெரிடன், கிரிஸ்வோல்ட் இருவரும் காட்டினார்கள். கொஞ்சம் போட்டால் போதும். அந்தச் சௌகரியமே நூறாண்டாக மாற்று தேடும் அக்கறையைக் கெடுத்தது என்பது என் கட்சி.

தென்னாப்பிரிக்காவின் மெரென்ஸ்கி பாறையடுக்கில் பிளாட்டினத்தோடு டால்க்கும் கிடக்கிறது. முகப்பவுடரில் சேரும் அதே கனிமம். அதற்கு நீர் ஆகாது. எந்த மருந்தும் இல்லாமலே குமிழியில் தொற்றிக்கொள்ளும். உலைக்குப் போனால் அதிலுள்ள மக்னீசியம் கசடை எளிதில் உருகவிடாது. இதை அடக்கப் போடும் சரக்குகளில் ஒன்று குவார் பசை, அதாவது கொத்தவரை விதையின் பிசின். உலகின் கொத்தவரை விதையில் பெரும்பகுதி ராஜஸ்தானில் விளைகிறது. பசையின் நீண்ட சர்க்கரைச் சங்கிலி டால்க்கின் தட்டை முகத்தில் படிந்து, நீரை விரும்பும் பக்கத்தை வெளியே காட்டுகிறது. அதன்பின் குமிழி ஒட்டாது.

பிரேசிலின் இரும்புத் தாது ஆலைகளில் சோள மாவு. துணிக்குக் கஞ்சி காய்ச்சுவதுபோல, காஸ்டிக் சோடா விட்டுக் கரைத்து ஊற்றுகிறார்கள். கஞ்சி ஹெமடைட் என்னும் இரும்புக் கனிமத்தைப் பிடித்துக்கொள்ள, தாதுவிலுள்ள மணல் மேலே போகிறது. மாவில் எண்ணெய்ப் பசை மிகுந்தால் நுரையே செத்துவிடும் என்பதால் மாவின் தரத்தில் கறாராக இருக்கிறார்கள். ஆனால் மணலை மிதக்கவைக்கும் அமீன் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. கஞ்சியை மட்டும் காட்டி ‘பசுமை ஆலை’ என்று பலகை மாட்டுவது எனக்கு ஒப்பாது.

கழிவுநீரில் இந்தப் பசைகள் மட்கும். மட்கும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்னும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகத்தில் சுத்தமான கனிமத்தில் ஜெயித்த புதுச் சரக்கு, ஆலையின் சேற்றிலும் சுண்ண நீரிலும் தடுமாறுவது வாடிக்கை. பிளாட்டின ஆலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நுரை உடையாமல் நிற்க அந்த டால்க்கும் ஒரு காரணம். பசையை அள்ளிக் கொட்டினால் நுரை சரிந்து, பிளாட்டினமும் கீழே போய்விடும்.