பிர்ச் விறகு: காற்றுக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு?

பின்லாந்தில் விறகுக்கு மூன்று விதமான கன மீட்டர் உண்டு. இடுக்கே இல்லாத முழு மரம் ஒன்று. பிளந்து வரிசையாக அடுக்கியது ஒன்று. லாரியிலிருந்து அப்படியே கொட்டியது ஒன்று. அடுக்கியதில் மரம் 0.67 பங்கு, மிச்சம் இடைவெளி. கொட்டியதில் மரம் வெறும் 0.40 பங்கு. கணக்குக்காகக் கொட்டிய கன மீட்டர் 80 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வாங்கி வந்து அடுக்கினால் 0.6 கன மீட்டர்தான் நிற்கும். அடுக்கிய கணக்கில் விலை 133 யூரோ. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் "கன மீட்டர் இவ்வளவு" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவரிடம், எந்தக் கன மீட்டர் என்று கேட்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

நம் ஊர் விறகுக்கடையில் எடை போட்டு விற்பார்கள். பின்லாந்தில் வாங்குகிறவர் காற்றுக்குக் காசு கொடுக்கிறார், நம் ஊரில் தண்ணீருக்கு.

சரி, ஏன் பிர்ச்? உலர்ந்த பிர்ச் கொட்டிய கன மீட்டருக்குச் சுமார் 1,010 யூனிட் வெப்பம் தரும். மின்கட்டண ரசீதில் வருகிற அதே யூனிட்தான். பைன் 810, ஸ்ப்ரூஸ் 790, ஆல்டர் 740. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. பிர்ச் கனமான மரம், அவ்வளவுதான். ஆகவே ஸ்ப்ரூஸ் 60 யூரோவுக்குக் கிடைக்கிற இடத்தில் பிர்ச்சுக்கு 77 யூரோ வரை கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுப்பது வெள்ளைப் பட்டையின் அழகுக்கும், பொறி அதிகம் தெறிக்காத நெருப்புக்கும்.

அந்தப் பட்டைதான் முதல் அடையாளம். வெள்ளை நிறம், குறுக்காக ஓடும் கரிய கீற்றுகள், தாள் தாளாகக் கிடைமட்டத்தில் உரியும் தன்மை. எண்ணெய்ப் பசை நிறைந்ததால் ஈரமாக இருந்தாலும் தீப்பிடிக்கும். அடுப்பு மூட்ட வேறெதுவும் வேண்டாம். (இமயத்து உறவான பூர்ஜ மரத்தின் பட்டையில்தான் பழைய பக்ஷாலி கணக்குச் சுவடியே எழுதப்பட்டிருக்கிறது.) பின்லாந்தில் விறகாகும் பிர்ச் இரண்டு வகை. அடிமரம் கறுத்து, ஆழமாக வெடித்து, இளங்கிளைகளில் மருக்கள் இருந்தால் வெள்ளிப் பிர்ச். அடிவரை பட்டை வழவழப்பாகவும் இளங்கிளையில் மெல்லிய ரோமமும் இருந்தால் ரோம பிர்ச். அடுப்புக்கு இரண்டும் ஒன்றுதான். கவனிக்க வேண்டியது ஆஸ்பென்: அதன் பட்டை பச்சை கலந்த சாம்பல் நிறம், தாளாக உரியாது. பிளந்த கட்டை கையில் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆல்டரை வெட்டினால் வெட்டுவாய் செம்மஞ்சளாகும். அதில் குழப்பம் வராது.

இனி தண்ணீர். ஒரு முழுக் கன மீட்டர் பிர்ச்சில் உலர்ந்த மரப்பொருள் ஏறக்குறைய 490 கிலோ. பச்சையாக, 45 சதவீத ஈரத்தில், மொத்த எடை 890 கிலோ. அதில் 400 கிலோ தண்ணீர். எரிக்கத் தகுந்த 20 சதவீதத்துக்கு வரும்போது எடை 612 கிலோ. போன தண்ணீர் சுமார் 280 லிட்டர். ஒரு வீட்டுக்கு ஐந்து கொட்டிய கன மீட்டர் என்றால், முழு மரமாக அது இரண்டு. 560 லிட்டர் தண்ணீர் ஒரே கோடையில் காற்றோடு போயாக வேண்டும்.

எடைக்கு வாங்கினால் பச்சை விறகு படுநஷ்டம்: கிலோவுக்கு 4.1 யூனிட் கிடைக்க வேண்டிய இடத்தில் 2.6தான். கன அளவில் வாங்கினாலோ, தாளில் இழப்பு 8 சதவீதத்தைத் தாண்டாது. பச்சை விறகு விற்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள். அடுப்பு தாளைப் படிப்பதில்லை. ஈரம் கொதித்து வெளியேறும்போது சூடு இறங்கும். மரத்தின் ஆவிகள் எரியாமலே புகைபோக்கி வழியாக ஏறித் தாராகப் படியும். பிறகு அந்தத் தாரே புகைபோக்கியில் தீப்பிடிக்கும்.

பிர்ச் பட்டை தண்ணீர் புகாதது. உள்ளிருப்பதையும் வெளியே விடாது. பிளக்காத உருண்டைக் கட்டையை ஒரு கோடை கிடக்கவிட்டால் உள்ளேயே உளுக்கத் தொடங்கிவிடும். ஆகவே குளிர்காலத்தில் வெட்டி, 33 சென்டிமீட்டர் துண்டாக்கி, ஏப்ரலுக்குள் பிளந்துவிட வேண்டும். எந்தத் துண்டும் 10 சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது. தரையில் படாமல் கழிகளின் மேல், வெயிலும் காற்றும் படும் இடத்தில் அடுக்கி, மேலே மட்டும் மூட வேண்டும். ஐந்து கொட்டிய கன மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஆறு மீட்டர் நீள வரிசை பிடிக்கும். பட்டை மேலேயா கீழேயா என்பது தீராத வழக்கு. பக்கத்து நார்வேயில் 2013 பிப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சி 12 மணி நேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியபோது, வந்த புகார்களில் பாதி பட்டை மேலே இருக்கிறதென்றும் மீதிப் பாதி கீழே இருக்கிறதென்றும் சொன்னதாகச் செய்தி. மழை படும் மேல் வரிசைக்குப் பட்டை மேலே. மற்ற வரிசைகளில் எப்படி வைத்தாலும் காயும். ஆகஸ்ட் முடிவதற்குள் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். இலையுதிர் காலக் காற்றில் விறகு மறுபடி ஈரம் வாங்கும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டைகளைத் தட்டுங்கள். 'டங்' என்று ஒலிக்க வேண்டும், 'தொம்' என்று அல்ல. ஈரமானி இருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். பல கருவிகள் உலர்ந்த எடையின் சதவீதத்தைக் காட்டும். அதில் 25 என்று வந்தால்தான், மொத்த எடையில் ஈரத்தைப் பார்க்கும் விறகுக் கணக்கின் 20.

விலைக்கு வருவோம். 80 யூரோவை 1,010 ஆல் வகுத்தால் யூனிட் 8 சென்ட். நல்ல அடுப்பு அதில் 80 சதவீதத்தை வீட்டுக்குள் தரும்: 10 சென்ட். திறந்த கணப்பு 15 சதவீதம்தான் தரும்: 53 சென்ட். அது வெப்பச் செலவு அல்ல, வேடிக்கைச் செலவு.

மார்ச்சில் பச்சை பிர்ச் 20 யூரோ குறைவாகக் கிடைத்து, அடுக்க ஆறு மீட்டர் இடமும் இருந்தால் வாங்குங்கள். ஐந்துக்கு நூறு யூரோ மிச்சம். அதே விறகை அக்டோபரில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்தக் குளிர்காலத்துக்கு அது விறகு அல்ல.