தொடக்கப்பள்ளி அறிவியலில் ஆய்வுக் குறிப்பேடு

பிரான்சில் 1996ஆம் ஆண்டு இயற்பியல் அறிஞர் ஜார்ஜ் ஷார்பக், அந்நாட்டு அறிவியல் கழகத்தின் துணையுடன் ‘லா மேன் அ லா பாத்’ (மாவில் கையிடல்) என்னும் தொடக்கப்பள்ளி அறிவியல் திட்டத்தைத் தொடங்கினார். கையால் செய்வது மட்டுமே ஆய்வாகாது; ஆசிரியர் முன்பே கூறிய முடிவை மெய்ப்பிக்கும் செய்முறை மனப்பாடத்தின் மறுவடிவமே. இவ்வேறுபாட்டை இத்திட்டத்தின் ஆய்வுக் குறிப்பேடு தெளிவாக்குகிறது.

எடுத்துக்காட்டாக, களிமண் உருண்டை நீரில் மூழ்குகிறது. அதே களிமண்ணைக் கிண்ணமாக்கினால் என்னவாகும்? குழந்தை முதலில் தன் ஊகத்தைத் தன் சொற்களில் எழுதும். பின்னர்ச் சோதித்துக் கண்டதைப் பதியும். வகுப்பார் கலந்துரையாடி ஏற்ற முடிவு தனியே இடம்பெறும். தவறிய ஊகம் அழிக்கப்படாமல் நிற்பதால், ஊகத்திற்கும் காட்சிக்கும் இடைப்பட்ட முரணே ‘ஏன்’ என்னும் வினாவை எழுப்புகிறது. அவ்வூகத்தைப் பிழையெனக் கருதி மதிப்பெண்ணைக் குறைத்தால், விடை தெரிந்த பின்னரே எழுதக் குழந்தை பழகும். ஆய்வு அங்கேயே நின்றுவிடும்.