கேட்பவரும் கொடுப்பவரும்

விரோதிகளுக்குள் உடன்பாடு ஏற்படுவது அரிது என்பது எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் பொதுவான ஓர் ஆபத்தை எதிர்த்து நிற்கும் நேச சக்திகளுக்குள்ளும், ஒருவர் கையிலுள்ள தகவலை மற்றவர் கேட்கிறார் என்று வந்துவிட்டால் பேரம் எத்தனை வருஷங்கள் இழுபடும் என்பதற்கு, அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் விமானப் பிரயாணிகளின் பதிவுகளை முன்னிட்டு நடத்திய நீண்ட விவகாரத்தைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது கடினம்.

2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நான்கு விமானங்களைக் கைப்பற்றியவர்கள், முறையாக டிக்கெட் வாங்கி, மற்றப் பிரயாணிகளோடு வரிசையில் நின்று ஏறியவர்கள். ஆகவே அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய விமானப் பாதுகாப்புச் சட்டம், அந்நாட்டுக்கு வரும் விமானக் கம்பெனிகள் தங்கள் பிரயாணிகளின் முன்பதிவு விவரங்களைச் சுங்க இலாகாவுக்குக் காட்டியே தீர வேண்டும் என்று விதித்தது. முன்பதிவு விவரம் என்பது பாஸ்போர்ட்டில் கண்ட பெயரோடும் பிறந்த தேதியோடும் நின்றுவிடுவதன்று. இடம் பதிவு செய்த கணத்தில் கம்பெனியின் கம்ப்யூட்டரில் திறக்கும் அந்த ஏட்டில், பிரயாணியின் டெலிபோன் எண், பணம் கட்டிய கிரெடிட் கார்டு, டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு, ஆசனத்தின் எண், கூட வருபவர்கள், தேதி மாற்றிய விவரம், பெட்டிகளின் கணக்கு ஆகிய எல்லாம் ஏறிவிடுகின்றன. அவற்றோடு சாப்பாட்டு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. இந்து உணவு, முஸ்லிம் உணவு, யூதருக்குரிய கோஷர் உணவு என ஒவ்வொன்றுக்கும் விமானத் தொழிலில் நான்கெழுத்துக் குறியீடு ஒன்று உண்டாதலால், பசிக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்குச் சொன்ன பதில், படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அம்மனிதரின் மதத்தையே அறிவித்துவிடக் கூடும்.

துப்பறிவோருக்கு இந்த ஏட்டின் மதிப்பு, பெயர் தெரிந்த குற்றவாளியைப் பிடிப்பதைக் காட்டிலும், பெயரே தெரியாதவனை இனங்கண்டுகொள்வதில்தான் அதிகம். சந்தேகத்துக்குள்ளான ஒரு டெலிபோன் எண்ணைக் கொடுத்து வேறு யார் யார் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள் என்பதை ஒரு நொடியில் பார்த்துவிடலாம் என்பது அமெரிக்கர்களின் வாதம். 2003-ல் இத்தகைய பரிசோதனையின் பயனாக ஷிகாகோவில் திருப்பியனுப்பப்பட்ட ஜோர்டான் நாட்டவர் ஒருவர், 2005-ல் ஈராக்கில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் சம்பந்தப்பட்டவர் என்று விரல் ரேகையால் தெரியவந்ததை, அவர்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாகப் பலமுறை எடுத்துரைத்தார்கள்.

ஐரோப்பாவிலோ, தகுந்த பாதுகாப்பில்லாத அந்நிய தேசத்துக்குப் பிரஜைகளின் சொந்த விவரங்களை அனுப்பலாகாது என்று 1995-ஆம் வருஷத்து விதி தடுத்து நின்றது. விவரம் கொடுக்காவிட்டால் அமெரிக்காவில் அபராதம், விமானம் இறங்கும் உரிமைக்கே ஆபத்து. கொடுத்தாலோ சொந்த நாட்டில் சட்டத்தை மீறிய குற்றம். இவ்விரண்டுக்கும் இடையில் மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்ற கதியில் அகப்பட்டுக்கொண்டவை விமானக் கம்பெனிகளே. இந்த நிர்ப்பந்தமே இரு தரப்பாரையும் மேஜைக்குக் கொண்டுவந்தது.

2004 மே மாதம் வாஷிங்டனில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முப்பத்து நான்கு வகை விவரங்களைத் தருவது, அவற்றை மூன்றரை வருஷம் வைத்துக்கொள்வது, மதம், உடல்நிலை போன்றவற்றைக் காட்டும் குறிப்புகளை வடிகட்டி நீக்கிவிடுவது என்பவை அதன் முக்கிய அம்சங்கள். தன் ஆட்சேபங்கள் புறக்கணிக்கப்பட்டதாகக் கருதிய ஐரோப்பிய பார்லிமெண்ட், லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2006 மே 30-ஆம் தேதி வெற்றியும் பெற்றது. ஆனால் அந்த வெற்றியின் இயல்பைக் கவனிக்க வேண்டும். அந்தரங்க உரிமை பாதிக்கப்பட்டதா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் புகவே இல்லை. பொதுச் சந்தைக்கென ஏற்பட்ட அதிகாரத்தைக் கொண்டு பொதுப் பாதுகாப்பு சம்பந்தமான காரியம் செய்யக் கூடாது என்ற ஒரே காரணத்தின்மேல் ஒப்பந்தம் ரத்தாயிற்று.

இதனால் விளைந்தது என்ன? செப்டம்பர் 30-க்குள் புதிய ஏற்பாடு தேவைப்பட்டது. கெடு தப்பி, அக்டோபர் முதல் வாரத்தில் அவசரமாக ஓர் இடைக்கால ஏற்பாடு உருவாயிற்று. அதன் பின் 2007-ல் வந்த ஒப்பந்தத்தில் முப்பத்து நான்கு என்ற கணக்கு பத்தொன்பதாகக் குறைந்ததாகத் தோன்றினாலும், பல விவரங்களை ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்த்து எழுதியதன் பலன்தான் அந்தக் குறைவில் பெரும்பகுதி. வைத்துக்கொள்ளும் காலமோ, ஏழு வருஷம் நடப்பிலும் எட்டு வருஷம் உறக்கத்திலுமாகப் பதினைந்தாக நீண்டது. வழக்கில் வென்றவர்கள் பேரத்தில் தோற்றார்கள். ஏனெனில் ஒப்பந்தமே இல்லாத நிலை யாரை அதிகம் வருத்துமோ அவரே விட்டுக்கொடுக்க வேண்டியவராகிறார்.

தராசு சற்றே நிமிர்ந்தது லிஸ்பன் உடன்படிக்கைக்குப் பிறகு. 2009 டிசம்பரில் அது அமலானதும், இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பார்லிமெண்டின் சம்மதம் இன்றியமையாததாயிற்று. அந்தச் சம்மதம் வெறும் சடங்கல்ல என்பதை, வங்கிகளுக்கிடையே பணம் செல்லும் செய்திகளை அமெரிக்காவுக்குத் தரும் இடைக்கால ஒப்பந்தத்தை 2010 பிப்ரவரியில் 378-க்கு 196 என்ற வாக்குகளால் நிராகரித்து அச்சபை காட்டிவிட்டது. இனி மந்திரிகளின் இணக்கம் மட்டும் போதாது என்று வாஷிங்டன் உணர்ந்தது. அதன் பின்னர் வகுத்த பிரயாணிப் பதிவு ஒப்பந்தம், 2012 ஏப்ரலில் 409 வாக்குகளுடன் நிறைவேறியபோது, ஆறு மாதத்துக்குப் பின் பெயரை மறைத்துவைக்கும் நிபந்தனை அதில் இடம்பெற்றிருந்தது. பதினைந்து வருஷக் காலவரையறையோ, பயங்கரவாதத்தைப் பொறுத்த மட்டில், பெரும்பாலும் அப்படியே நிலைத்தது.

இத்தனை சுற்றுப் பேச்சுகளிலும் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி விரைவிலேயே பின்வாங்கிவிட்டது. கொடுத்த பிறகு நடப்பதைப் பற்றியதே மீதி வாக்குவாதமெல்லாம். அமெரிக்க அதிகாரி கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் தாமே புகுந்து வேண்டியதை எடுத்துக்கொள்வதா, அல்லது கம்பெனி தானே பொறுக்கியெடுத்து அனுப்பிவைப்பதா என்பது பார்வைக்கு யந்திர நுட்பம் போலிருந்தாலும், எவை அனுப்பப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் கை யாருடையது என்பதே அதன் உட்பொருள். பெற்ற தகவலை மூன்றாவது தேசத்துக்குக் கைமாற்றலாமா? பயங்கரவாதத்துக்கென வாங்கியதைச் சாதாரணக் குற்றங்களுக்கும் பயன்படுத்தலாமா? தவறாகச் சந்தேகிக்கப்பட்ட ஐரோப்பியர் எந்தக் கோர்ட்டின் படியேறுவது? 1974-ஆம் வருஷத்து அமெரிக்க அந்தரங்கச் சட்டம் தன் பிரஜைகளுக்கும் நிரந்தரக் குடியிருப்போருக்கும் மட்டுமே வழி திறந்திருந்தது. நேச நாட்டாருக்கும் வழக்காடும் உரிமையை ஓரளவேனும் வழங்கும் சட்டம் வந்தது 2016-ல்தான்.

ஐரோப்பாவும் எப்போதும் ஒரே நிலையில் நின்றுவிடவில்லை. பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின், 2016 ஏப்ரலில் ஐரோப்பிய யூனியன் தானே தன் பிரயாணிகளின் பதிவுகளைச் சேகரித்து ஐந்து வருஷம் வைத்திருக்கச் சட்டமியற்றிக்கொண்டது. 2017-ல் கனடாவுடன் செய்யவிருந்த இதே மாதிரியான ஒப்பந்தத்தை ஏற்க மறுத்த ஐரோப்பிய நீதிமன்றம், இம்முறை அந்தரங்க உரிமையையே நேரடியாக ஆராய்ந்தது. 2022-ல் தன் சொந்த யூனியனின் சட்டத்துக்கும் கடுமையான எல்லை கட்டியது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க படிப்பினை, நட்பு போதாது என்பதன்று. நட்பு இல்லையேல் பேச்சே தொடங்கியிராது. ஆனால் தகவல் என்பது ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாத சொத்து. அதனால் கொடுப்பவர் தம் பிரஜைகளுக்காகக் கேட்க வேண்டிய நிபந்தனைகளைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்கும் பலம் அவருக்கு எங்கிருந்து வருகிறதென்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்மையாகவே கைவசமுள்ள ஒரு சபை அவருக்குப் பின்னால் இருப்பதிலிருந்து வருகிறது.