பீங்கானில் எவர் முகம்?

மண்ணுக்கு மேலோர் கீழோர் என்ற பேதம் தெரியாது. வனைபவன் கைக்கு வளைந்து கொடுப்பதே அதன் சுபாவம். பேதமெல்லாம் மனிதன் கற்பித்தது. எந்தப் பாத்திரத்தின் மேல் எவருடைய உருவத்தைத் தீட்டலாம் என்னும் விஷயத்தில் அவன் வெகு காலமாய்க் கண்டிப்புக் காட்டி வந்திருக்கிறான். அந்தக் கட்டுப்பாட்டை மீறிய கலைஞர் ஒருவரைப் பற்றி நேயர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறோம்.

சீன தேசத்தார் பல நூற்றாண்டுகளாய்க் காத்து வந்த பீங்கான் இரகசியம் ஐரோப்பாவுக்கு எட்டியது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். 1710-ல் ஸாக்ஸனியை ஆண்ட அகஸ்டஸ், மைஸ்ஸன் நகரில் ஆலை நிறுவினார். பீங்கானுக்கு ‘வெண்பொன்’ என்றே பெயர் வழங்கிற்று. அரண்மனை மேஜைகளை அலங்கரித்த பொருள்களில் மன்னர்களும் சீமாட்டிகளும் கொலு வீற்றிருந்தனர்.

குடியரசான அமெரிக்காவிலும் இந்த வழக்கம் அதிகம் மாறிவிடவில்லை. அந்நாட்டுச் சுதந்திரத்தின் நூற்றாண்டை முன்னிட்டு 1876-ல் பிலடெல்பியாவில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்காக ப்ரூக்ளினிலிருந்த யூனியன் பீங்கான் ஆலையில் கார்ல் முல்லர் என்னும் சிற்பி ‘நூற்றாண்டு ஜாடி’யை அமைத்தார். அதில் பிரதானமாய் விளங்கியது ஜார்ஜ் வாஷிங்டனின் முகம்.

அதே பிலடெல்பியாவில், கென்ஸிங்டன் என்னும் வறிய பேட்டையில், 1981-ல் பிறந்தவர் ராபர்ட்டோ லூகோ. பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்கள். இளமையில் அவருடைய தூரிகை வர்ணம் பீச்சும் டப்பா. சித்திரப் பலகை தெருச் சுவர். வாலிபரான பிறகே களிமண்ணைத் தொட்டார். பின்னர் கலாசாலைகளில் முறையாகப் பயின்று தேர்ந்தார்.

அவர் செய்யும் தேநீர்க் கெண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பவர், யாரோ ஒரு பிரபுவின் மாளிகைப் பொருள் என்றே எண்ணுவர். வளைந்த கைப்பிடி, பொன் விளிம்பு, நுட்பமான பூவேலை எல்லாம் அதில் உண்டு. கிட்டச் சென்று பார்த்தாலோ, நடுவே அமர்ந்திருப்பவர் 1997-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஹிப்-ஹாப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.! 2019-ல் முல்லரின் ஜாடிக்கு மறுமொழியாக, ‘ப்ரூக்ளின் நூற்றாண்டு ஜாடி’ ஒன்றையும் லூகோ படைத்தார்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் 2021-ல் ஓர் அறை திறக்கப்பட்டது. அந்நகரின் பெரிய பூங்காவுக்காக 1850-களில் அழிக்கப்பட்ட ஸெனெகா கிராமம் என்னும் கறுப்பர் குடியிருப்பை நினைவூட்டுவது அது. அங்கே வைக்கப்பட்ட லூகோவின் ஜாடியில் ஒரு பக்கம், அடிமைத்தளையிலிருந்து தான் தப்பியதுடன் நில்லாது பிறரையும் தப்புவித்த ஹாரியட் டப்மன். மறு பக்கம் இக்காலப் பாடகி எரிக்கா பாடு. சரித்திர வீராங்கனைக்கும் பாட்டுக்காரிக்கும் சம ஆசனம்!

இன்றைக்கு ஆரவாரிக்கப்பட்டு நாளைக்கு மறக்கப்படும் முகங்களுக்கு இத்தனை கௌரவமா என்று சிலர் கேட்கலாம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆதென்ஸ் நகரத்துக் குயவர்கள் தெய்வங்களை மட்டுமா தீட்டினார்கள்? ஓட்டப் பந்தயக்காரரையும் மல்லரையும் விருந்துக் கூத்தையும் தீட்டினார்கள். அந்நகர மாந்தர் வாழ்ந்த விதத்தை அறிஞர் இன்று அந்த ஜாடிகளைக் கொண்டே அறிகின்றனர். இங்கிலாந்திலும் சமகால வாழ்வைக் குடங்களில் வரையும் கிரேஸன் பெர்ரிக்கு 2003-ல் டர்னர் பரிசு கிடைத்தது. ஜனங்களின் ரஸனையைத் துச்சமென்று தள்ளுவது கலைக்கு அழகன்று.

மற்றொரு கேள்வி இதைக் காட்டிலும் கடினமானது. பேட்டை ஜனங்களின் முகம் தாங்கிய ஜாடி கண்ணாடிப் பேழைக்குள் புகுந்துவிட்டால், அந்த ஜனங்களுக்கு என்ன லாபம்? இதை லூகோ உணராமலில்லை. அவர் தம் சக்கரத்தைத் தெருவுக்கே எடுத்துச் சென்று, வழிப்போக்கர் முன்னிலையில் வனைந்து காட்டியிருக்கிறார். ஆசிரியராய் அமர்ந்து மாணவர்களுக்கும் பயிற்றுகிறார்.

பீங்கானில் ஒருவர் முகம் ஏறுவதால் வறுமை நீங்கிவிடாது. ஆனால், தன்னைப் போன்றோரை உயர்ந்த பீடத்தில் என்றுமே கண்டிராத குழந்தை, ஒரு நாள் காண்கிறது. அக்கணம் அதன் உள்ளத்தில் உதிக்கும் சுயமரியாதைக்கு எந்தப் பொன் விளிம்பும் ஈடாகாது என்பதே நம் அபிப்பிராயம்.