சல்லடையும் குடல் நோயும்

மூணாற்றுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள் நுழைந்து பார்த்தவர்கள், அங்கே ஓயாது ஆடிக்கொண்டிருக்கும் சல்லடைகளைக் கண்டிருப்பார்கள். காய்ந்த தேயிலை முழுவதும் அவற்றின்மேல் விழுகின்றது; பெரும்பகுதி தன் வழியே இறங்கிவிடுகின்றது; சிறிதளவே மேலே தங்குகின்றது. தங்கியதை மீண்டும் எடுத்து ஆராய்கின்றனர். மருத்துவர்கள் ‘ஸ்கிரீனிங்’ என்று வழங்கும் ஆங்கிலச் சொல்லினுள்ளும் இந்தச் சல்லடைப் பொருள் உண்டு. நோயின் குறி ஏதுமில்லாத மக்கள் பலரையும் ஓர் எளிய சோதனைக்கு உட்படுத்தி, ஐயத்திற்குரிய சிலரை மட்டும் பிரித்து விரிவாக ஆராய்வதே அது. ‘முன்னறி சோதனை’ என்று இங்கு எழுதுகின்றேன். ‘சலித்தல்’ என்றே மொழிபெயர்த்திருக்கலாம்; ஆயினும், மருத்துவச் செய்தி என்றாலே மக்கள் முன்னமே சலித்துப் போயிருக்கின்றனர்.

பெருங்குடற் புற்றுநோயைப் பற்றி நாலு பேர் நடுவே பேச நாம் கூசுகின்றோம். பேச்சை மலத்திலிருந்தல்லவா தொடங்க வேண்டும்! ஆனால், முன்னறி சோதனைக்கு மிகவும் இணங்கி வரும் நோய் இது. பெருங்குடலின் உட்சுவரில் முதலில் மொட்டுப் போன்ற சதைமுளை அரும்புகின்றது. பெரும்பாலான முளைகள் தீங்கின்றியே இருந்துவிடும். சில மட்டும் புற்றாக மாறும். அம்மாற்றத்திற்குப் பத்தாண்டுகள் வரையிலும் செல்வதுண்டு. அதற்குள் முளையை அகற்றிவிட்டால் அங்கே புற்று தோன்ற வழியில்லை. முளையிலிருந்தும் புற்றிலிருந்தும் அவ்வப்போது இரத்தம் கசியும். கண்ணுக்குப் புலப்படாத அக்கசிவை மலத்தில் கண்டுகொள்வதே சோதனையின் நோக்கம்.

1864-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டு வான் டீன் என்பார் குவாயக் என்னும் மரத்தின் பிசினைக் கொண்டு இரத்தத்தைக் கண்டறியும் வழியைக் கூறினார். பிசினும் உரிய திராவகமும் இரத்தத்தோடு சேர்ந்தால் நீலநிறம் தோன்றும். நூறாண்டு கழித்து, 1967-இல், அமெரிக்க மருத்துவர் கிரீகர், பிசின் தோய்ந்த தாளட்டைகளை வீட்டிற்கே கொடுத்தனுப்பிச் சோதிக்கும் முறையை எடுத்துரைத்தார். மினசோட்டா மாநிலத்தில் 46,551 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1993-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

குவாயக் தாளுக்கு ஒரு குறை உண்டு. இரத்தம் யாருடையது, எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. முந்திய நாள் உண்ட ஆட்டிறைச்சியும் முள்ளங்கியும்கூட அதை ஏமாற்றிவிடும். தேயிலைத் தோட்டங்களிலோ வேறொரு சிக்கலும் இருந்தது. கொக்கிப்புழு சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இலங்கைத் தோட்டங்களில் நம்மவரிடையே பரவியிருந்த இப்புழுவை ஒழிக்க, 1916-ஆம் ஆண்டிலேயே ராக்பெல்லர் நிறுவனத்தார் இயக்கம் தொடங்கினர். ஆதலின், தோட்டத் தொழிலாளி ஒருவர் வெளிறிப்போய் வந்து நின்றால், ‘புழுவாக இருக்கும்’ என்று எண்ணுவது வழக்கமாகிவிட்டது.

என் பெரியப்பாவுக்கும் அதுவே நேர்ந்தது. மூணாற்றுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் அவர் குடியிருந்தார். ஐம்பத்தைந்து வயதில் மலை ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றவன் நான். அப்போது கல்லூரி மாணவன். மலையாளம் நன்றாக வரும். “வெளிக்குப் போகையிலே ரத்தம் படுதுன்னு சொல்லுடா தம்பி” என்றார் மெல்ல. மருத்துவரோ இளம்பெண். எனக்கு நாக்கு எழவில்லை. “வயிற்றில் ஏதோ கோளாறு” என்று மட்டும் மொழிபெயர்த்தேன். சொல் தெரியாமலன்று, மலையாளத்திலும் அது மலந்தான், ரக்தந்தான். புழு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்தனுப்பினார்கள். ஓராண்டுக்குப் பின் குடல் அடைபட்டு அவரைக் கோட்டயத்திற்குக் கொண்டு சென்றபோது நோய் கல்லீரல்வரை பரவியிருந்தது. அன்று நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவரும் உறுதி கூற இயலாது. நான் சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி. நடுவயதைக் கடந்த ஆடவர் ஒருவருக்குக் காரணம் விளங்காத இரத்தச்சோகை கண்டால் பெருங்குடலையும் பார்க்க வேண்டும் என்பதைப் பின்னாளிலேதான் படித்தறிந்தேன்.

இக்காலத்துச் சோதனை வேறுவிதமானது. மனித இரத்தத்தின் புரதத்தை மட்டும் இனங்கண்டு பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு அது செய்யப்படுகின்றது. இறைச்சி உண்டதால் அது ஏமாறாது. இரைப்பையிலும் சிறுகுடலிலும் கசியும் இரத்தத்தின் புரதம் வழியிலேயே பெரும்பாலும் செரித்துவிடுவதால், பெருங்குடலிற் கசிவதே அதில் முதன்மையாகத் தென்படும். ஜப்பான் 1992-இல் நாடு தழுவிய திட்டமாக இதனை மேற்கொண்டது.

ஆயினும் இப்புரதம் வெப்பத்தைத் தாங்காது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தார் தம் கணக்குகளை ஆராய்ந்தபோது, கோடையில் மட்டும் ஐயத்திற்குரிய முடிவுகள் குறைந்திருக்கக் கண்டனர். கோடையில் நோய் குறைவதில்லை. குப்பியிலிருந்த புரதமே சிதைந்திருந்தது. மூணாற்றின் குளிரில் எடுத்த மாதிரி, போடிமெட்டு இறங்கித் தேனி வெயிலில் அரைநாள் கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குப்பியில் பாதுகாப்புத் திரவம் உண்டு. எனினும் குளிர்ச்சியும் விரைவும் வேண்டும்.

எத்தனை மைக்ரோகிராம் இரத்தப் புரதம் இருந்தால் ‘ஐயம்’ என்பது? பல நாடுகளில் ஒரு கிராம் மலத்திற்கு 20 என்பது எல்லை. 2017-இல் இச்சோதனையை ஏற்ற ஸ்காட்லாந்து 80 என்று வைத்தது. 2019-இல் தொடங்கிய இங்கிலாந்து 120 என்றது. ஆங்கிலேயர் குடல் அவ்வளவு உறுதியானதா என்று கேட்கத் தோன்றும். செய்தி அதுவன்று. ஐயத்திற்குரிய ஒவ்வொருவருக்கும் குடலினுள் குழாய் செலுத்திப் பார்க்க வேண்டும். அதற்குரிய கருவியும் கைதேர்ந்தவரும் எத்தனை பேருக்குப் போதுமோ, அதைப் பொறுத்தே சல்லடைக் கண் அமைகின்றது.

இந்தக் கணக்கை ஏழை நாடுகளுக்காக ஆராய்ந்தவருள் தலையாயவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணிபுரிந்து, பின்னர் பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் முன்னறி சோதனைப் பிரிவை நடத்தியவர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய வாய்ப்புற்று ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிச் சென்று வாயைச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே மரணம் நூற்றுக்கு 34 குறைந்தது என்று 2005-இல் அறிவித்தனர். மூணாற்று மலைகளுக்குக் கிழக்கே திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கைக் கிறிஸ்தவ மருத்துவ நிலையத்தாரும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தாரும் துணைநிற்க, செவிலியரைக் கொண்டு கருப்பைவாய்ப் புற்றை முன்னறிந்தனர். விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. வினிகர்க் காடியைத் தடவிக் கண்ணால் பார்த்ததுதான். அங்கு மரணம் நூற்றுக்கு 35 குறைந்தது.

பெருங்குடல் நோய்க்காக அவரும் தாய்லாந்து மருத்துவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட இடம் லம்பாங் என்னும் வடபுலத்து மாகாணம். 2011-இல் தொடங்கி, 50 முதல் 65 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,27,000 பேரை அழைத்தனர். நூற்றுக்கு 63 பேர் மாதிரி தந்தனர். ஆடவரைக் காட்டிலும் பெண்டிரே மிகுதி. அவர்களுள் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே மேற்சோதனை தேவைப்பட்டது. இருக்கும் மருத்துவமனைகளைக் கொண்டே இதனை நடத்த முடிந்தது என்பதே அதன் சிறப்பு.

இந்திய அரசு 2016-இல் வகுத்த முன்னறி திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றே இடம்பெற்றன. நம் நாட்டில் பெருங்குடற் புற்று மேனாடுகளைவிடக் குறைவாதலின் இம்முறைவைப்பு சரியானதே என்பது என் கருத்து. ஆனால் தனி மனிதனுக்கு விழுக்காடு ஏது?

ஐம்பதை எட்டியவர்கள் இச்சோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரைக் கேட்கலாம். தாய், தந்தை, உடன்பிறந்தாருள் எவருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால் நாற்பதிலேயே கேட்க வேண்டும். இரத்தம் கண்ணுக்கே தெரிகின்றவர், மலங்கழியும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருப்பவர் ஆகியோருக்கு முன்னறி சோதனை பொருந்தாது. அவர்கள் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள். மூலந்தான், உடற்சூடுதான் என்று தாமே முடிவு கட்டலாகாது. டில்லியிலோ பம்பாயிலோ மொழி தடையானால், ‘மல் மேம் கூன்’ என்னும் மூன்று சொற்கள் போதும். மொழிபெயர்க்க வருபவன் தயங்கினால், அவனை விலக்கிவிட்டு நீங்களே சொல்லுங்கள்.